வன்னி வணிகமும் கணினிக் காவலும்

விழாக் காணும் நம் கல்லூரியின் மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, சங்ககால விருந்தோம்பலைப் பற்றியோ வன்னி நாட்டார் பாடல்களைப் பற்றியோ யாம் எழுதுவோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியர் வேறென்ன எழுதுவார்! ஆயினும், வணிக நிலையங்களின் கணினி வலையமைப்புகளைக் களவினின்றும் அழிவினின்றும் காப்பது எங்ஙனம் என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள். 'உமக்கேன் இந்த வேலை?' என விஞ்ஞான ஆசிரியர்கள் நகைப்பின், அவர்களுக்கு எம்மிடம் விடையுண்டு. இக்கல்லூரியில் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறுவோருள் பல்கலைக்கழகம் புகுவோர் சிலர். ஏனையோருள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் முல்லைத்தீவிலும் உள்ள வங்கிகளிலும், அரிசி ஆலைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கட்டடப் பொருட் கடைகளிலும் கணக்கெழுதும் இளைஞராய் அமர்கின்றனர். பத்தொன்பது வயதில் ஒரு கடையின் முழுக் கணக்கும் அவர்தம் விரல்நுனிக்கு வந்துவிடுகின்றது. அவர்கள் முன் வந்துநிற்கும் மடல் மெய்யோ பொய்யோ எனப் பிரித்தறிதல் முதலில் வாசிப்புக் கலை. அதன் பின்னரே கணினிக் கலை. வாசிப்பைக் கற்பித்தல் எம் தொழில்.

நம் பகுதி வணிகரிடம் இதுபற்றிப் பேசப் புகுந்தால், 'எம்மிடம் என்ன இருக்கின்றது, கொழும்பிலும் நியூயோர்க்கிலும் இருப்பவனை விட்டுவிட்டு எம்மை ஏன் ஒருவன் தேடி வரப்போகின்றான்?' என்பதே முதல் மறுமொழியாகும். தேடி வருகின்றான் என்று யார் சொன்னார்? யானை தோட்டத்துள் இறங்குவது அத்தோட்டக்காரர் செல்வரா வறியரா என விசாரித்தன்று; வேலி இற்றுக்கிடந்த இடத்தால் இறங்குகின்றது. இணையத்தில் களவு செய்வோர் இக்காலத்தில் ஒவ்வொரு வாயிலாகத் தாமே சென்று தட்டுவதில்லை. அவர் எழுதிவிட்ட நிரல்கள் இரவும் பகலும் உலகிலுள்ள இணைப்புகளையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கின்றன. திறந்தது எதுவோ அதனுள் நுழைகின்றன. பரந்தனிலுள்ள ஆலையும் பாரிஸிலுள்ள ஆலையும் அந்நிரலுக்கு இரண்டு எண்களேயன்றி வேறல்ல.

அன்றியும், சிறியவனைப் பற்றுவது பெரியவனிடம் போவதற்கான வழியாகவும் அமைவதுண்டு. 2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெருங்கடைகளுள் ஒன்றாகிய டார்கெட் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் வங்கியட்டை விபரங்கள் களவாயின. கள்வர் டார்கெட்டின் முன்வாயிலால் நுழையவில்லை. அந்நிறுவனத்துக்குக் குளிரூட்டி வேலை செய்துகொடுத்த சிறிய ஒப்பந்தக்காரர் ஒருவரின் கடவுச்சொல்லைப் பறித்து, அதனைக் கொண்டு நுழைந்தனர். நம்மூர்க் கடைக்காரரும் கொழும்பு முகவருக்கும், வங்கிக்கும், கடல் கடந்த உறவினருக்கும் இத்தகைய பக்கவாயிலாக இருக்கின்றார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இனி, இலங்கையர் அனைவரும் அறிந்திருக்கவேண்டிய ஒரு வழக்கைச் சற்று விரித்துக் கூறுவோம். தமிழாசிரியர்க்கு அது தனிப்பட்ட முறையில் இனிப்பான வழக்கு. ஏனெனில் அதில் இரண்டு கோடி டொலரைக் காத்துத் தந்தது ஓர் எழுத்துப் பிழை.

2016 பெப்ருவரி 4ஆம் நாள் வியாழக்கிழமை இரவு, பங்களாதேச மத்திய வங்கியின் கணினியிலிருந்து நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக்குப் பணம் அனுப்பும்படி 35 கட்டளைகள் சென்றன. அவற்றின் மொத்தம் ஏறத்தாழ 95 கோடி டொலர். வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சுவிப்ட் என்னும் அமைப்பின் வழியாகவே, உரிய குறிகளுடனேயே, அவை சென்றன. ஆனால் அனுப்பியவர் வங்கி அலுவலர் அல்லர். வேலை வேண்டி விண்ணப்பிக்கும் ஓர் இளைஞர் எழுதியது போல 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வங்கிக்கு வந்த மின்னஞ்சல்களே கள்வர் நுழைந்த வாயில். நுழைந்தோர் ஓராண்டளவு ஓசையின்றி உள்ளேயே தங்கி, யார் எப்போது எதனை எவ்வாறு செய்கின்றார் என்பதைக் கற்றனர். நாளையும் அவர்களே தேர்ந்தனர். பங்களாதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. அடுத்து வந்த திங்கட்கிழமை பிலிப்பைன்ஸில் சீனப் புத்தாண்டு விடுமுறை. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்கும் இடைவெளி அது. பரிமாற்றங்களை அச்சிடும் இயந்திரமும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது; இயந்திரம் பழுதென்றே அலுவலர் நினைத்தனர்.

கட்டளைகளுள் ஐந்து நிறைவேறின. 8 கோடி 10 இலட்சம் டொலர் மணிலாவிலுள்ள வங்கியொன்றுக்குச் சென்று சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. மிகுதியான 2 கோடி டொலர் நம் நாட்டின் வங்கியொன்றுக்கு, சாலிகா பவுண்டேஷன் என்னும் அமைப்பின் பெயருக்கு வந்தது. அக்கட்டளையை எழுதியவர் 'பவுண்டேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிழையாக, 'பண்டேஷன்' என வாசிக்கும்படி எழுதிவிட்டார். இடையில் நின்று பணத்தைக் கைமாற்றிய டொச்சே வங்கியில் யாரோ ஒருவர் அப்பிழையைக் கண்டு, 'இது சரிதானா?' என்று கேட்டுவைத்தார். அக்கேள்வியால் பணம் திரும்பியது. எஞ்சிய முப்பது கட்டளைகள் நியூயோர்க்கிலேயே நின்றுபோயின. மணிலா வங்கிக் கிளையின் முகவரியிலிருந்த 'யூப்பிட்டர்' என்னும் சொல், தடைசெய்யப்பட்ட கப்பலொன்றின் பெயரோடு தற்செயலாக ஒத்திருந்ததும் அதற்கொரு காரணம்.

பின்னர் விசாரித்த பங்களாதேசக் காவற்றுறையினர், அவ்வங்கியின் வலையமைப்பில் 10 டொலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகள் இருந்தன என்றும், தீச்சுவர் இருக்கவில்லை என்றும் கூறினர். ஒரு நாட்டின் திறைசேரிக்கு இந்த நிலை. அடுத்த ஆண்டு, 2017 ஒக்ரோபரில், தாய்வானிலுள்ள வங்கியொன்றிலிருந்து இதே முறையில் 6 கோடி டொலரளவு வெளியே அனுப்பப்பட்டபோது, அதன் ஒரு பகுதி மீண்டும் இலங்கைக்கே வந்தது. இங்கே கைதுகளும் நிகழ்ந்தன. ஆகவே 'இது எங்கோ நடப்பது' என்னும் ஆறுதல் நமக்கில்லை.

இவ்வழக்கை யாம் வகுப்பிற் சொல்லும்போது மாணவர் சிரிப்பர். 'ஆகவே எழுத்துப் பிழையில்லாமல் எழுதினால் கள்வனும் வெல்வான், சேர்' என்று ஒருவன் சொல்லியும் இருக்கின்றான். அவன் சொன்னது விளையாட்டன்று. நேற்றுவரை பொய்மடலைக் காட்டிக்கொடுத்தது அதன் கொச்சையான மொழியே. இன்று மொழியறிந்த இயந்திரங்கள் கள்வர் கையிலும் உள்ளன. பிழையற்ற ஆங்கிலத்தில் மட்டுமன்றி, நம்மவர் எழுதும் நடையிற் தமிழிலும் மடல் வரும். உடன்பிறந்தவரின் குரலிலேயே தொலைபேசி பேசும். எழுத்துப் பிழையை நம்பி இனிப் பணத்தைக் காக்க முடியாது.

அவ்வாறாயின் எதனைக் கொண்டு காப்பது? இங்கேதான் பழைய முறையும் புதிய முறையும் பிரிகின்றன. பழைய முறை கோட்டை முறை. வெளியே ஒரு பெருஞ்சுவர் எழுப்புக; வாயிலில் ஒரு காவலனை நிறுத்துக; உள்ளே வந்துவிட்டவன் நம்மவன் எனக் கொள்க. தீச்சுவர் என்று கணினியார் கூறுவது இதனையே. வன்னியில் வாழும் நமக்குக் கோட்டையின் வலிமையும் வலியின்மையும் பிறர் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோது, பீரங்கியும் சுவரும் இருந்தும் ஆங்கிலேயர் கடல்வழியே ஓடநேர்ந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் வன்னியன் தோற்றான். அத்தோல்விக்குக் காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்பே காரணமென நம் நாடகங்களும் செவிவழிக் கதைகளும் கூறும். வரலாற்றாசிரியர் அதுபற்றி என்ன சொல்லினும், கதை உணர்த்தும் பொருள் தெளிவு: சுவருக்குள் இருப்பவன் ஒருவன் மாறினால், அல்லது அவன் வேடத்தில் வேறொருவன் நுழைந்தால், சுவரால் ஆவது ஒன்றுமில்லை. பங்களாதேச வங்கியில் ஓராண்டு தங்கியிருந்தவர் அலுவலர் வேடத்திலேயே தங்கினர்.

2010ஆம் ஆண்டளவில் யோன் கிண்டர்வாக் என்னும் அமெரிக்க ஆய்வாளர், உள்ளே இருப்பவர் என்பதற்காக எவரையும் எக்கருவியையும் நம்பலாகாது என்னும் கொள்கைக்கு ஒரு பெயர் வைத்தார். சுழிய நம்பிக்கை என அதனைத் தமிழாக்குகின்றனர். எமக்கு அச்சொல்லில் உவப்பில்லை. நம்பிக்கை இல்லாமையன்று அது. ஒவ்வொரு முறையும் சோதித்தபின் நம்புதல். வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரமே வைத்திருக்கின்றார். அப்பெயரே இக்கொள்கைக்கும் பொருந்தும். கூகிள் நிறுவனம் 2009இல் தானும் தாக்குண்ட பின்னர் தன் அலுவலர்க்கு இம்முறையையே வகுத்தது. அலுவலகத்துக்குள் இருந்து கேட்பவரும், வீட்டில் இருந்து கேட்பவரும் ஒரே வகையாகவே சோதிக்கப்படுவர். 2020இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் இதற்கொரு கைந்நூலும் வெளியிட்டது.

வவுனியாக் கடைவீதியில் இருக்கும் வணிகர்க்கு இதன் பொருள் யாது? ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கவேண்டும். 'கடைக் கடவுச்சொல்' என்று ஒன்றைப் பெட்டியடியில் ஒட்டிவைத்து ஐவர் பயன்படுத்துதல், வீட்டுப் படலையின் திறப்பைப் படலையிலேயே தொங்கவிடுதல் போன்றது. விற்பனை செய்பவர்க்கு விற்பனைப் பகுதி மட்டும் திறக்கட்டும். வங்கிக் கணக்கு அவருக்கு எதற்கு? வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்று மாலையே நீக்கவேண்டும். கடவுச்சொல்லோடு நில்லாது, இரண்டாவது சான்றொன்றும் கேட்கவேண்டும்: தொலைபேசிச் செயலி காட்டும் எண்ணோ, கையில் வைத்திருக்கும் சிறிய சாவிக் கருவியோ. கடவுச்சொல் களவு போயினும் அந்த இரண்டாவது பொருள் கள்வனிடம் இல்லை. பெரும்பாலான மின்னஞ்சற் சேவைகள் இவ்வசதியை இலவசமாகவே தருகின்றன. காசு செலவில்லாத காவலைச் செய்யாதிருப்பதற்கு நம்மிடம் என்ன நியாயம் இருக்கின்றது என்று தெரியவில்லை.

வயலில் வரம்பு கட்டுவது எதற்கு? ஒரு பாத்தியில் உடைப்பெடுத்தால் எல்லா வயலும் ஒன்றாய் வெள்ளங்கொள்ளாதிருத்தற்கு. இரணைமடு நீர்ப்பாயும் நிலத்தில் வளர்ந்த நமக்கு இதனை விரிக்கவேண்டியதில்லை. ஆயின் நம் கடைகளில் வாடிக்கையாளர்க்குத் திறந்துவிடும் வைபையும், வாயிற் கமராவும், கணக்குக் கணினியும், முதலாளியின் பிள்ளை விளையாடும் கணினியும் ஒரே இணைப்பில், வரம்பில்லா வயலாய்க் கிடக்கின்றன. 2017 யூன் 27இல் உக்ரேனிற் பயன்படும் கணக்கு மென்பொருளொன்றின் திருத்தத்தோடு கலந்து புறப்பட்ட நொட்பெற்யா என்னும் அழிவு நிரல், அம்மென்பொருள் ஒடெசா நகரில் ஒரு கணினியில் இருந்த காரணத்தால், டென்மார்க்கின் பெருங்கப்பல் நிறுவனமாகிய மெயர்ஸ்க்கின் உலகளாவிய வலை முழுவதையும் சில மணிநேரத்தில் வீழ்த்தியது. வரம்பில்லாமையின் விலை 25 கோடி முதல் 30 கோடி டொலர் வரை எனக் கணக்கிட்டனர். 45,000 கணினிகளும் 4,000 சேவையகங்களும் பத்து நாளில் புதிதாக நிறுவப்பட்டன.

அந்நிறுவனம் பிழைத்த கதை நம்மவர் கேட்கத் தக்கது. யார் யார் உள்ளே வரலாம் என்னும் பதிவேட்டைத் தாங்கிய கணினிகள் உலகெங்கும் ஒரேயடியாய் அழிந்தன. ஒன்று மட்டும் எஞ்சியது. ஆபிரிக்காவில், கானா நாட்டு அலுவலகத்தில், அவ்வேளை மின்சாரம் தடைப்பட்டிருந்தமையால் அக்கணினி வலையோடு இணையாது கிடந்தது! அதன் வன்தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்தில் இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு இலண்டனுக்குப் பறந்தார். மின்வெட்டைச் சபித்தே பழகிய நமக்கு இஃது ஓர் அரிய ஆறுதல். மின்வெட்டு காத்தது ஏன்? இணைப்பறுந்த பிரதி ஒன்று இருந்தது என்பதனால். அப்பெருநிறுவனத்துக்குத் தற்செயலாய் வாய்த்ததை நாம் திட்டமிட்டுச் செய்தல் கூடும்.

பிரதி என்னும் சொல்லைச் சொன்னவுடன் வன்னி மக்களின் நெஞ்சில் வேறொன்று தோன்றும். 2004 திசெம்பர் 26இல் கடல் வந்து முல்லைத்தீவைக் கொண்டுபோனபோதும், அதன்பின் 2009 வரை ஊர் ஊராய் இடம்பெயர்ந்தபோதும், நம்மவர் முதலில் எடுத்தது எதனை? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பிற் கட்டிக்கொண்டு நடந்த தாய்மாரை இம்மலரை வாசிப்போருட் பலர் அறிவர். பலர்க்கு அவர் தாயே. அப்பையைத் தவறவிட்டவர் பின்னர்த் தம் காணி தமதென்று காட்டக் கச்சேரிக்கும் பதிவாளர் பணிமனைக்கும் எத்தனை நாள் அலைந்தனர் என்பதையும் அறிவர். வணிகரின் கடன் பேரேடுகளும் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தவர் இடாப்புகளும் அவ்வாறே போயின. ஆதலின் 'இக்கணினியே வேண்டாம், பழையபடி கொப்பியில் எழுதுவோம்' என்று சிலர் சொல்லும் தீர்வு எமக்கு ஏற்புடைத்தன்று. கொப்பியும் ஒன்றே ஒன்றாய் இருந்தால் அழியும். கடதாசியா கணினியா என்பதன்று வினா. ஒன்றா மூன்றா என்பதே வினா.

கணினியாளர் இதற்கு எளிய கணக்கொன்று சொல்வர். தரவு மூன்று பிரதியாய் இருக்கட்டும். அவை இருவகைப் பொருளில் இருக்கட்டும். ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். அதனோடு, அவற்றுள் ஒன்றேனும் எவ்விணைப்புமின்றி இருக்கட்டும் என்று இக்காலத்திற் சேர்த்துச் சொல்கின்றனர். இதனைச் சேர்த்தமைக்குக் காரணம் கப்ப நிரல்கள். கணினியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறப்புக்குப் பணம் கேட்கும் நிரலைக் கப்ப நிரல் என்று வழங்கலாம் என்பது எம் கருத்து. கப்பம் என்றால் என்னவென்று இந்நாட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அந்நிரல் முதலில் தேடிப் பூட்டுவது இணைப்பிலிருக்கும் பிரதிகளையே.

நம் அரசுக்கே இது நேர்ந்தது. 2023 ஓகஸ்ட் 26இல் இலங்கை அரசின் முகிற் சேமிப்பகத்தைக் கப்ப நிரலொன்று தாக்கியது. அமைச்சரவைப் பணிமனை உள்ளிட்ட அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. அமைப்பை மீட்டனர், ஆயினும் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மடல்கள் போயின போயினவே. இணைப்பிலிருந்த பிரதியும் பூட்டப்பட்டுவிட்டது. அக்காலப் பகுதிக்கு இணைப்பில்லாப் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சலை நடத்திய மென்பொருள் 2013ஆம் ஆண்டைய பதிப்பு. அதனைச் செய்த மைக்ரோசொப்ட் நிறுவனம் அந்த ஏப்ரல் மாதத்துடனேயே அதற்குத் திருத்தம் வழங்குவதை நிறுத்தியிருந்தது. புதிய பதிப்புக்கு மாற எண்ணமிருந்தும் பணம் போதவில்லை என்றனர். பணம் போதாமை நாமும் அறிந்ததே. ஆனால் மாதம் ஒருமுறை ஒரு வன்தட்டில் பிரதியெடுத்து, இணைப்பைக் கழற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

திருத்தங்களைப் பற்றியும் ஒரு சொல். 2017 மே 12இல் வனாக்றை என்னும் கப்ப நிரல் 150 நாடுகளிற் பரவி, இங்கிலாந்தின் வைத்தியசாலைகளையும் முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் இருந்தும் அடைக்காதவர் அகப்பட்டனர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான இலவசத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14உடன் நின்றுவிட்டன. அவ்வியங்குதளத்தில் ஓடும் கணினி இன்று உங்கள் கடையில் இருக்குமாயின் அதனை வங்கி வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். களவாய்ப் பிரதிபண்ணிய மென்பொருளைப் போட்டுக்கொடுக்கும் நண்பரையும் அன்போடு விலக்குங்கள்.

இவையெல்லாம் இயந்திரத்தின் பாற்பட்டவை. மனிதரின் பாற்பட்டதே கடினம். அமெரிக்கக் குற்றப் புலனாய்வுத் துறையினர் 2023ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, வணிக மின்னஞ்சலில் ஆள்மாறாட்டம் செய்து பறிக்கப்பட்டதாக அவர்களிடம் முறையிடப்பட்ட பணம் மட்டும் 290 கோடி டொலர். இதில் பூட்டை உடைக்கும் வித்தை எதுவுமில்லை. கௌதாரிமுனையிற் கடலட்டை வாங்கி அனுப்பும் வணிகர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாய்ப் பொருள் தருபவரின் பெயரில் ஒரு மடல் வருகின்றது: 'எம் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இவ்வெண்ணுக்கு அனுப்புக'. இலிகிதர் அனுப்பிவிடுகின்றார். அவ்வளவே. இதற்குரிய காவல் ஒரு பழைய நற்பழக்கம்: கணக்கெண் மாறினால், மடலில் உள்ள எண்ணுக்கன்றி, முன்னமே நம்மிடமுள்ள எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசி உறுதிசெய்தல், குறித்த தொகைக்கு மேற்பட்டால் இருவர் ஒப்பம் இன்றிப் பணம் போகாதிருத்தல். காசோலைக்கு இருவர் ஒப்பம் வேண்டுமென விதித்த கூட்டுறவுச் சங்கங்கள், இணைய வங்கிக்கு மட்டும் ஒருவர் கையிற் சாவியைக் கொடுப்பது எவ்வாறு?

எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுத அமர்ந்தாள். பற்றுச்சீட்டு என்னும் பெயரோடு வந்த இணைப்பு ஒன்றை அவள் திறந்தாள். கணக்குக் கோப்புகள் பூட்டுண்டன. பிரதி இல்லை. அன்றே அவள் வேலை போயிற்று. ஒரு மாதச் சம்பளமும் போயிற்று. அவ்வூரில் அவள் பெயருக்கு ஓர் அடைமொழியும் சேர்ந்தது. நாளொன்றுக்கு நாற்பது பற்றுச்சீட்டுகளைத் திறப்பதே அவள் தொழில். நாற்பத்தொன்றாவதைத் திறந்தது குற்றமாம்! பிரதி எடுக்க ஏற்பாடு செய்யாதவர் யார்? பழைய கணினியைத் திருத்தமின்றி வைத்திருந்தவர் யார்? அவர்கள் பெயருக்கு அடைமொழி இல்லை. யாம் இதனை இரக்கத்தால் மட்டும் சொல்லவில்லை; காவலின் பொருட்டும் சொல்கின்றோம். தவறைச் சொன்னவள் வேலையிழந்தாள் என்று அறிந்த அடுத்த இலிகிதர், தவறு நேர்ந்தால் வாய் திறப்பாரா? முதல் அரைமணி நேரத்தில் இணைப்பைக் கழற்றினால் ஒரு கணினியோடு நிற்கக்கூடிய தீங்கு, அஞ்சி மறைக்கப்படுவதனால் மறுநாட் காலைக்குள் நிலையம் முழுவதையும் பிடிக்கும். ஒருவர் ஒருமுறை தொட்டதனால் முழுக் கடையும் வீழுமாயின், பழுது அவர் விரலில் இல்லை. கடையின் அமைப்பில் உள்ளது. முதலாளிமாராய் இருக்கும் பழைய மாணவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இன்று கற்கும் மாணவர்க்கும் சொல்ல ஒன்றுண்டு. 2016 ஓகஸ்டில் சனாதிபதியின் இணையத்தளத்துள் புகுந்து, க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் புத்தாண்டுக் காலத்தில் வைக்கவேண்டாமென எழுதிவிட்டார் ஒருவர். பிடித்தபோது அவர் 17 வயது மாணவர். உங்களிற் பலர்க்கு இக்கதை மகிழ்வூட்டும் என்பதை அறிவோம். ஆயின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதலுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கின்றது. திறமைக்கு நேர்வழி அருகிலேயே இருக்கின்றது. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. ஓட்டையைக் கண்டுபிடித்து உரியவர்க்குச் சொல்வதையே தொழிலாக்கி உலகெங்கும் பலர் வாழ்கின்றனர். கொழும்பில் 2006இல் தொடங்கிய இலங்கைக் கணினி அவசர உதவி அமைப்பும் இத்தகையோரை வேண்டிநிற்பதே.

மொழியைப் பற்றி யாம் சொல்லாது விட்டால் தொழிலுக்குத் துரோகமாகும். வங்கிகளும் அரச அமைப்புகளும் விடுக்கும் எச்சரிக்கைகள் பல, ஆங்கிலத்திலோ விளங்காத மொழிபெயர்ப்புத் தமிழிலோ வருகின்றன. கள்வனின் மடல் தெளிந்த தமிழிலும் காவலனின் மடல் கலங்கிய தமிழிலும் வந்தால் மக்கள் எதனை நம்புவர்? இங்கே தமிழாசிரியர்க்கு வேலையிருக்கின்றது. நம் கல்லூரியின் கணினி ஆசிரியரும் யாமும் சேர்ந்து, கடைக்காரர் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு தாளை எழுதி வருகின்றோம். அதில் கலைச்சொல் குறைவு. 'கழற்று, கேள், சொல்' என்னும் ஏவல்கள் மிகுதி.

இறுதியாக, கொழும்பிலும் ரொரன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். நீங்கள் கணினி தருகின்றீர்கள், நன்றியோடு ஏற்கின்றோம், பெயர்ப்பலகையும் இடுகின்றோம். ஆனால் கணினி மாடு போன்றது. வாங்கித் தந்தால் முடிந்துவிடாது, தீனியும் வேண்டும். ஐந்தாண்டு கடந்த கணினிக்குப் புதிய இயங்குதளமும், உரிமமுள்ள மென்பொருளும், ஆண்டுக்கொருமுறை வந்து சோதிப்பவர்க்குக் கூலியும் யார் தருவர்? அடுத்த முறை இருபது கணினி தருவதற்கு எண்ணியோர், பதினைந்தைத் தந்து ஐந்தின் விலையைப் பராமரிப்புக்கென வங்கியில் இட்டுவைத்தால், பெயர்ப்பலகை சற்றுச் சிறிதாகும். கணினி நீண்டகாலம் நிற்கும்.

தொடக்கமாக ஒரு சிறு வேலையைச் செய்யலாம். கல்லூரியின் சேர்விடாப்புகளையும் பழைய புகைப்படங்களையும் இவ்விழாவை ஒட்டிக் கணினியிற் பதிந்துகொண்டிருக்கின்றோம். அப்பதிவுக்கு இரண்டு வன்தட்டுகள் வேண்டும்: ஒன்று அதிபர் அறையின் இரும்பலுமாரிக்கு, மற்றையது வேற்றூரில் வாழும் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவை மாறி மாறிப் போய்வரும். முதலாவது வன்தட்டை ஆசிரியர் குழாத்தினர் தம் பணத்தில் வாங்கிவிட்டனர். இரண்டாவதைப் பழைய மாணவர் சங்கத்திடம் கேட்கின்றோம்.